பள்ளிக்கூட ஸ்டேடியத்துக்கு 6 கோடி டாலர்: டெக்சாஸில் அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது?

டெக்சாஸில் ஏதாவது ஒரு பள்ளி மாவட்டம் புது ஸ்டேடியம் கட்டப்போகிறது என்று செய்தி வந்தால், படிப்பவர்களுக்கு இரண்டு கேள்விகள் வரும். பள்ளிப் பிள்ளைகள் விளையாட 12,000 இருக்கைகள் எதற்கு? ஆசிரியர் சம்பளத்தை உயர்த்தக் காசில்லை என்றவர்களுக்கு இதற்கு மட்டும் காசு எப்படி வந்தது?

முதல் கேள்விக்கு விடை ஊர்களின் வரலாற்றில் இருக்கிறது. இரண்டாவதற்கு விடை வரிச் சட்டத்தில். ஸ்டேடியம் கட்டும் பணம் பெரும்பாலும் சம்பளப் பையிலிருந்து வருவதில்லை. கட்டடக் கடனுக்கென்று வசூலிக்கும் வரியைச் சட்டப்படி சம்பளத்துக்குத் திருப்பவும் முடியாது. ஆனால் கட்டி முடித்த பிறகு அதை நடத்தும் செலவு அதே சம்பளப் பையில்தான் கைவைக்கிறது. தேர்தல் நேரத்துச் சண்டையெல்லாம் முதல் பாதியைப் பற்றி நடக்கிறது. கணக்கு இடிப்பது இரண்டாம் பாதியில்.

(இங்கே ஃபுட்பால் என்றால் அமெரிக்கன் ஃபுட்பால். காலால் உதைத்து ஆடுவதை சாக்கர் என்றே சொல்கிறேன்.)

யாருடைய ஸ்டேடியம் இது?

டெக்சாஸில் பள்ளிகளை நடத்துவது நகராட்சி அல்ல. 'சுயேச்சைப் பள்ளி மாவட்டம்' என்பது தனி அரசு அமைப்பு. அதற்கென்று எல்லை, மக்கள் தேர்ந்தெடுக்கும் அறங்காவலர் குழு, சொந்தமாக சொத்து வரி விதிக்கும் அதிகாரம் எல்லாம் உண்டு. ஸ்டேடியத்தின் சொந்தக்காரர் பெரும்பாலும் இந்த மாவட்டம்தான். அதனால் ஒரே ஸ்டேடியத்தை பல பள்ளிகள் பகிர்ந்துகொள்வது சகஜம். டாலஸுக்கு வடக்கே உள்ள மெக்கின்னி மாவட்டத்தில் மூன்று உயர்நிலைப் பள்ளிகளுக்கு ஒரே பெரிய ஸ்டேடியம். 12,000 இருக்கைகள், 2018-ல் திறந்தது. ஆட்டங்கள் வெள்ளி இரவோடு நிற்காமல் வியாழனுக்கும் சனிக்கும் பரவுவது இதனால்தான். பக்கத்து ஊரான ஆலனில் கதை நேர்மாறு: ஊருக்கே ஒரு உயர்நிலைப் பள்ளி, அதற்கு 18,000 இருக்கைகள் கொண்ட ஈகிள் ஸ்டேடியம். 2012-ல் சுமார் 6 கோடி டாலரில் கட்டியது.

இவ்வளவு இருக்கைகளை யார் நிரப்புகிறார்கள்? அணியில் இருப்பது நூறு பையன்கள் என்றாலும், வெள்ளி இரவு அந்த மைதானத்துக்கு வரும் பிள்ளைகள் அதைப்போல் பல மடங்கு. இடைவேளையில் மார்ச்சிங் பேண்ட் இறங்கும். ஆலன் பள்ளியின் பேண்ட் நாட்டிலேயே மிகப் பெரிய பள்ளி பேண்டுகளில் ஒன்று, பல நூறு பேர். அதோடு நடனக் குழு, சியர்லீடர்கள், கொடி பிடிப்பவர்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் அம்மா, அப்பா, தம்பி தங்கை, தாத்தா பாட்டி. எதிரணிக்கும் இதே கூட்டம். பெருக்கிப் பார்த்தால் சில ஆயிரங்கள் தானாகவே வந்துவிடும். மிச்சம் ஊர்க்காரர்கள்.

எப்படி இவ்வளவு பெரிதானது?

இன்றும் பயன்பாட்டில் உள்ள பழைய ஸ்டேடியங்கள் பல 1930-களின் பொருளாதார மந்தக் காலத்தில் பிறந்தவை. வேலையில்லாதோருக்கு வேலை தர ரூஸ்வெல்ட் அரசு தொடங்கிய டபிள்யூ.பி.ஏ. திட்டம் நாடெங்கும் சுமார் 2,300 ஸ்டேடியங்களையும் பார்வையாளர் மேடைகளையும் கட்டியது அல்லது புதுப்பித்தது. ஒஹாயோவின் மாசிலன் ஊரில் 1939-ல் திறந்த ஸ்டேடியம் அப்படி வந்தது. சான் அன்டோனியோவின் அலமோ ஸ்டேடியம் (1940) கைவிடப்பட்ட கல்குவாரிக்குள் கட்டியது. உள்ளூரில் அதற்குக் 'கல்குவியல்' என்றே செல்லப்பெயர். மாசிலனில் பிறக்கும் ஆண் குழந்தையின் தொட்டிலில் உள்ளூர் ரசிகர் சங்கம் ஒரு குட்டி ஃபுட்பால் பந்து வைக்கும் வழக்கம் உண்டு. அந்த ஊருக்கு ஸ்டேடியம் என்ன என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது.

சட்டமும் துணை நின்றது. 1960-களில் அமெரிக்க காங்கிரஸ் கொண்டுவந்த விளையாட்டு ஒளிபரப்புச் சட்டம், செப்டம்பர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை, பள்ளி ஆட்டம் நடக்கும் இடத்திலிருந்து 75 மைல் சுற்றளவுக்குள் வெள்ளி மாலையில் தொழில்முறை லீக் தன் ஆட்டத்தை ஒளிபரப்பினால் ஏகபோகத் தடைச் சட்டத்திலிருந்து லீக்குக்குக் கிடைத்த விலக்கு போய்விடும் என்றது. வெள்ளி இரவு பள்ளிகளுக்கு என்று பட்டா போட்டுக் கொடுத்த மாதிரி.

அந்தப் பட்டாவில் எல்லோருக்கும் பங்கு இருக்கவில்லை. நிறப்பிரிவினைக் காலத்து டெக்சாஸில் கறுப்பினப் பள்ளிகளுக்குத் தனி அமைப்பு இருந்தது. பிரெய்ரி வியூ லீக் என்ற அது 1970 வரை நீடித்தது. வெள்ளி இரவுகள் வெள்ளையர் பள்ளிகளுக்கு ஒதுக்கப்பட்டதால், கறுப்பினப் பள்ளிகள் அதே மைதானங்களில் புதன், வியாழன் இரவுகளில் ஆடின. ஹூஸ்டனில் யேட்ஸ், வீட்லி பள்ளிகள் தேங்க்ஸ்கிவிங் அன்று மோதிய ஆட்டத்துக்குப் பல்லாயிரம் பேர் திரண்டார்கள். ஸ்டேடியம் ஊரை ஒன்றுசேர்க்கும் என்று இன்று மேடைகளில் சொல்லும்போது இந்தப் பக்கம் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது.

இரண்டு பைகள்

டெக்சாஸ் சொத்து வரி ரசீதில் பள்ளி வரி ஒரே தொகையாகத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு பகுதிகள் உண்டு.

1. எம் அண்ட் ஓ, அதாவது பராமரிப்பு மற்றும் இயக்கம். ஆசிரியர் சம்பளம், மின்கட்டணம், பேருந்து டீசல், காவலாளி எல்லாம் இதிலிருந்து. சொத்து வளம் மிகுந்த மாவட்டங்கள் இந்தப் பணத்தில் ஒரு பகுதியை மாநிலத்திடம் திருப்பித் தர வேண்டும்; 'ராபின் ஹூட்' என்று ஊரார் சொல்வது இதைத்தான்.

2. ஐ அண்ட் எஸ், அதாவது வட்டி மற்றும் கடன் அடைப்பு நிதி. வாக்காளர்கள் ஒப்புதல் தந்த கடன்பத்திரங்களை அடைக்க மட்டும். இதில் ஒரு டாலரை எடுத்து ஆசிரியருக்குக் கொடுத்தால் சட்ட மீறல். ராபின் ஹூட் கை இந்தப் பையைத் தொடாது.

செழிப்பான மாவட்டத்தின் பார்வையில் இதைப் பாருங்கள். சம்பளத்துக்கு வரி உயர்த்தினால் ஒரு பகுதி மாநிலத் தலைநகர் ஆஸ்டினுக்குப் போகும் வாய்ப்பு உண்டு. அந்த உயர்வுக்கும் மாநிலம் வரம்பு வைத்திருக்கிறது. கட்டடத்துக்கு வரி உயர்த்தினால் கடைசி சென்ட் வரை ஊரிலேயே நிற்கும். மாநிலம் ஒரு மாணவருக்குத் தரும் அடிப்படை ஒதுக்கீடோ 2019 முதல் 2025 வரை 6,160 டாலரிலேயே நின்றது. நடுவில் விலைவாசி ஏறியது நிற்கவில்லை. பளபளக்கும் கட்டடமும் பற்றாக்குறை பட்ஜெட்டும் ஒரே மாவட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதில் மர்மம் எதுவும் இல்லை.

கடன் மலிவாகக் கிடைப்பதற்கும் காரணம் உண்டு. மாநிலத்தின் நிரந்தரப் பள்ளி நிதி இந்தப் பத்திரங்களுக்கு உத்தரவாதம் தருவதால், சிறிய மாவட்டத்தின் பத்திரமும் உயர்ந்தபட்ச தரமதிப்பீட்டோடு விற்பனையாகும். ஒரு கடிவாளமும் இருக்கிறது: புதுப் பத்திரம் வெளியிடும்போது, 100 டாலர் சொத்து மதிப்புக்கு 50 சென்டுக்குள் கடனை அடைக்க முடியும் என்று மாவட்டம் காட்ட வேண்டும்.

ஒரு மாதிரிக் கணக்கு. 6 கோடி டாலர் கடன், 4 சதவீத வட்டி, 25 ஆண்டு, சமத் தவணை. ஆண்டுக்கு சுமார் 38.4 லட்சம் டாலர் கட்ட வேண்டும், மொத்தம் 9.6 கோடி.

- மாவட்டத்தின் மொத்த வரிக்குரிய மதிப்பு 2,000 கோடி டாலர் என்றால், 100 டாலருக்கு ஒரு சென்ட் வரி 20 லட்சம் தரும். ஸ்டேடியத்துக்கு ஏறக்குறைய 1.9 சென்ட் போதும். வரிக்குரிய மதிப்பு 4 லட்சம் டாலர் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 77 டாலர்.
- மொத்த மதிப்பு 400 கோடி மட்டும் என்றால் அதே ஸ்டேடியத்துக்கு 9.6 சென்ட். அதே வீட்டுக்கு 384 டாலர்.

பெரிய ஸ்டேடியங்கள் டாலஸ், ஹூஸ்டன் புறநகர்களில் குவிவது ஃபுட்பால் வெறியால் மட்டும் அல்ல. மேற்கு டெக்சாஸின் சிற்றூர்களிலும் வெறிக்குக் குறைவில்லை. அங்கே ஆள் போதாமல் ஆறு பேர் கொண்ட அணியாக, 80 கெஜ நீள மைதானத்தில் ஆடுகிறார்கள்.

வாக்குச்சீட்டில் என்ன மாறியது?

முன்பெல்லாம் வகுப்பறை, பேருந்து, கூரை பழுது, ஸ்டேடியம் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி வாக்குக்கு விட முடிந்தது. ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி மாவட்டத்தில் 2013-ல் ஸ்டேடியம்தான் பெரும்பகுதி என்றிருந்த 9.9 கோடி டாலர் திட்டத்தை மக்கள் தோற்கடித்தார்கள். அடுத்த ஆண்டே 74.8 கோடி டாலர் பெரிய மூட்டைக்குள் ஸ்டேடியமும் வந்தது; நிறைவேறியது. சுமார் 7 கோடி செலவில் 2017-ல் திறந்தார்கள். மெக்கின்னியிலும் 2016-ல் 22 கோடி டாலர் மூட்டைக்குள் ஸ்டேடியத்துக்கு 5.03 கோடி இருந்தது. வேறு நிதியும் சேர்ந்து கடைசியில் செலவு 7 கோடியைத் தொட்டது.

2019-ல் சட்டம் மாறியது. 1,000 பேருக்கு மேல் அமரும் ஸ்டேடியம் என்றால் அதைத் தனிக் கேள்வியாகவே வாக்குச்சீட்டில் வைக்க வேண்டும். நீச்சல் குளம், கலையரங்கம் போன்றவற்றுக்கும் அப்படியே. அதே ஆண்டில் வந்த இன்னொரு விதி, பள்ளிக் கடன்பத்திரக் கேள்வி ஒவ்வொன்றிலும் 'இது ஒரு சொத்து வரி உயர்வு' என்று பெரிய எழுத்தில் அச்சிடச் சொன்னது. வரி விகிதம் ஏறாது என்று மாவட்டம் உறுதி சொன்னாலும் அந்த வரி இருந்தே ஆக வேண்டும். இது வாக்காளரைக் கொஞ்சம் குழப்புகிறது என்பதே என் மதிப்பீடு. ஆனால் தனிக் கேள்வி விதி நல்ல விதி. பிராஸ்பர் மாவட்டத்தில் 2023 நவம்பரில் பள்ளிக் கட்டடங்களுக்கான 200 கோடி டாலருக்கும் மேற்பட்ட கடனுக்கு ஆம் என்ற அதே வாக்காளர்கள், 9.4 கோடி டாலர் ஸ்டேடியத்துக்கு இல்லை என்றார்கள். பழைய முறையில் இந்த இரண்டு பதில்களைத் தனித்தனியாகச் சொல்ல வழியே இல்லை.

கட்டுமானத்தில் எது உடையும்?

ஃபுட்பால் களம் 120 கெஜ நீளம், 53⅓ கெஜ அகலம். சாக்கருக்கு இந்த அகலம் போதாது. குறைந்தது 55 கெஜம் வேண்டும். அதனால் செயற்கைப் புல்லை இரண்டு பக்கமும் நீட்டி, சாக்கர் கோடுகளை வேறு நிறத்தில் போடுகிறார்கள். சூரியன் கண்ணில் அடிக்காமலிருக்க நீளவாட்டை வடக்கு தெற்காக வைப்பார்கள்.

செயற்கைப் புல் மேலிருந்து பார்க்க ஒரு கம்பளம்தான். கீழிருந்து மேலாக அதன் அடுக்குகள்:

1. கெட்டிப்படுத்திய மண். டாலஸ் வட்டாரத்தில் கருங்களிமண். ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். சுண்ணாம்பு கலந்து நிலைப்படுத்தாமல் விட்டால் களமும் கான்கிரீட்டும் சில ஆண்டுகளில் மேடு பள்ளமாகும்.
2. வடிதுணியும் துளையிட்ட வடிகால் குழாய்களும்.
3. சல்லிக்கல் அடுக்கு. மழை நீர் நேராகக் கீழே இறங்கிப் போக வேண்டும்.
4. 15 அடி அகல உருளைகளாக வரும் கம்பளம். 15 அடி என்றால் 5 கெஜம். களத்தின் கோடுகளும் 5 கெஜத்துக்கு ஒன்று. ஆகவே 24 உருளைகளை வரிசையாக விரித்தால் 120 கெஜம் சரியாக வரும். தையல் அல்லது பசை விடும் இடமும் இந்த உருளைகளின் இணைப்புதான்.
5. புல் இழைகளுக்கு நடுவே மணலும் ரப்பர் குருணையும்.

கம்பளம் கிழிவதற்கு முன்பே சிக்கல் தொடங்குவது இந்தக் குருணையில். ஆட்டமும் பேண்ட் அணிவகுப்பும் நடுக்களத்தில் அதிகம்; அங்கே குருணை நசுங்கி, ஓரத்துக்கு நகர்ந்து, தரை கெட்டியாகிவிடும். எடையை மேலிருந்து போட்டு அதிர்ச்சி அளக்கும் ஜி-மேக்ஸ் சோதனையில் 200-ஐத் தாண்டினால் அந்தக் களம் தலையில் அடிபட ஏற்ற இடமாகிவிட்டது என்று பொருள். பிரஷ் வண்டி ஓட்டிக் குருணையைச் சமப்படுத்துவதும் குறைந்த இடத்தில் நிரப்புவதும் தவறாமல் செய்ய வேண்டிய வேலை. செய்தாலும் ஆயுள் 8 முதல் 12 ஆண்டு. மாற்றும் செலவு பொதுவாக 5 லட்சம் முதல் 10 லட்சம் டாலர் வரை. கோடை வெயிலில் மேற்பரப்பு 65 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சுடும் என்பதால் ஆகஸ்ட் பயிற்சியை விடியற்காலைக்குத் தள்ளுவார்கள்.

இயற்கைப் புல்லுக்கே போனால் என்ன? ஒரு பள்ளி, ஐந்து உள்ளூர் ஆட்டம் என்றால் பெர்முடா புல் தாராளமாகத் தாங்கும். மூன்று பள்ளிகளின் ஃபுட்பால், சாக்கர், பேண்ட் எல்லாம் ஒரே களத்தில் என்றால் ஒரு மழை இரவிலேயே சேறாகிவிடும். ஸ்டேடியத்தைப் பகிர்வது என்ற முடிவுதான் செயற்கைப் புல் என்ற முடிவையும் இழுத்துவருகிறது.

கான்கிரீட்டில் என்ன தவறலாம் என்பதற்கு ஆலன் ஸ்டேடியமே பாடம். திறந்து இரண்டு ஆண்டு ஆகும் முன், 2014 பிப்ரவரியில், பார்வையாளர் நடமாடும் மேல்தளத்தில் விரிசல்கள் கண்டு மூடினார்கள். கான்கிரீட் காயும்போது கொஞ்சம் சுருங்கி மயிரிழை விரிசல் விடுவது இயல்பு. ஆனால் ஆய்வு அதோடு நிற்கவில்லை. சில தாங்கு பகுதிகள் கூட்டத்தின் எடைக்கு ஏற்றபடி வடிவமைக்கப்படவில்லை என்றது. அந்த ஆண்டு அணி உள்ளூர் ஆட்டங்களையும் வெளி மைதானங்களில் ஆடியது. சரிசெய்து 2015-ல் திறந்தார்கள். பழுதுச் செலவை வடிவமைத்தவர்களும் கட்டியவர்களும் ஏற்றார்கள். ஒப்பந்தத்தில் பொறுப்பு யாருக்கு என்று தெளிவாக எழுதியிருந்தால்தான் இப்படி முடியும்.

விளக்குகளைப் பொறுத்தவரை ஒரே விஷயம். பழைய மெட்டல் ஹாலைடு விளக்கு ஒரு கணம் மின்சாரம் போய் வந்தாலும் ஆறி மறுபடி எரிய 15 நிமிடம் வரை எடுக்கும். ஆயிரக்கணக்கானோர் இருட்டில் உட்கார்ந்திருப்பார்கள். எல்.இ.டி. உடனே எரியும்.

நடத்தும் செலவு

நுழைவுச்சீட்டு கடனை அடைக்குமா? 12,000 இருக்கைகள், மூன்று பள்ளிக்கும் சேர்த்து 15 உள்ளூர் ஆட்டம், சீட்டு 8 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு இருக்கையும் ஒவ்வொரு ஆட்டத்திலும் நிரம்பினால் 14.4 லட்சம் டாலர். மேலே பார்த்த தவணை 38.4 லட்சம். அரங்கு நிறைவதோ பருவத்தில் ஓரிரு முறை. பெயர் உரிமை விற்றால் கொஞ்சம் வரும்: பிராஸ்பரில் உள்ள ஸ்டேடியத்துக்கு ஒரு குழந்தைகள் மருத்துவமனைக் குழுமம் 10 ஆண்டுக்கு 25 லட்சம் டாலர் தந்து பெயர் வைத்தது. ஆண்டுக்கு இரண்டரை லட்சம். விளம்பரப் பலகை, பிளே-ஆஃப் ஆட்டங்களுக்கான வாடகை இதோடு சேரும். தின்பண்டக் கடையின் லாபம் பெரும்பாலும் மாவட்டத்துக்கு வராது; அது பெற்றோர் நடத்தும் பூஸ்டர் கிளப்புக்குப் போய், பேண்ட் பிள்ளைகளின் சீருடையாகவும் பயணச் செலவாகவும் மாறும்.

ஸ்டேடியத்தால் ஊருக்கு வருமானம் வரும் என்ற வாதத்தை இதனால்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நூலகம் லாபம் தருமா என்று யாரும் கேட்பதில்லை; இதுவும் அந்த வகைச் செலவு. அப்படி ஒப்புக்கொண்டு பேசினால் விவாதம் நேர்மையாக இருக்கும்.

மறுபக்கம், எம் அண்ட் ஓ பையிலிருந்து போவது: மின்சாரம், துப்புரவு, களப் பராமரிப்பாளர் சம்பளம், ஆட்டம்தோறும் போலீஸ், ஆம்புலன்ஸ், வாயில் ஆட்கள், காப்பீடு. இடி கேட்டால் ஆட்டத்தை நிறுத்தி, கடைசி இடியிலிருந்து 30 நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பது பள்ளி விளையாட்டுகளின் நடைமுறை. ஒன்பதரைக்கு முடிய வேண்டியது நள்ளிரவுக்கு நகர்ந்தால் அத்தனை பேருக்கும் கூடுதல் நேரக் கூலி.

ஊருக்கு எவ்வளவு திறந்திருக்கிறது?

ஃபுட்பால் இரவுகள் போக, பட்டமளிப்பு விழா, பேண்ட் போட்டி, குளிர்கால சாக்கர், வசந்தகாலத் தடகளம் என்று நாட்கள் நிரம்பும். ஆனால் ஊரார் தினமும் நடக்க ஓடுதளம் திறந்திருக்குமா என்பது வேறு கேள்வி. பல மாவட்டங்கள் பொறுப்புக் காப்பீட்டையும் சேதத்தையும் காரணம் காட்டிப் பூட்டிவைக்கின்றன. நகராட்சியோடு கூட்டுப் பயன்பாட்டு ஒப்பந்தம் போட்டு, பூட்டைத் திறப்பவர், சேதத்துக்குப் பணம் தருபவர் யார் என்று எழுதிக்கொண்ட இடங்களில் திறந்திருக்கிறது.

மாற்றுத்திறனாளிகளுக்கான கூட்டாட்சி விதிப்படி 5,000 இருக்கைகளுக்கு மேல் போனால் 36 சக்கர நாற்காலி இடங்கள், அதோடு மேற்கொண்டு ஒவ்வொரு 200 இருக்கைக்கும் ஒன்று. 12,000 இருக்கைக்கு 71. ஒவ்வொன்றின் பக்கத்திலும் துணைக்கு வருபவருக்கு இருக்கை. எல்லாவற்றையும் ஒரே மூலையில் ஒதுக்கக் கூடாது. 1972-ன் டைட்டில் நைன் சட்டம் பெண்கள் அணிகளுக்குச் சமமான களமும் நேரமும் கேட்கிறது. ஸ்டேடியத்தில் ஆண்கள் சாக்கருக்கு வெள்ளி இரவு, பெண்கள் சாக்கருக்கு செவ்வாய் மாலை என்று அட்டவணை போட்டால் புகார் நிற்கும்.

மாவட்டக் கூட்டத்தில் கேட்க வேண்டியவை

1. ஆண்டுக்கு எத்தனை இரவுகள், எந்தெந்த நிகழ்ச்சிகளுக்கு? கடந்த மூன்று ஆண்டின் உண்மையான வருகைக் கணக்கு எங்கே? பெஞ்சில் ஓர் இருக்கை என்று எண்ணுவது 18 அங்குலம். நவம்பரில் கனமான கோட்டோடு வருபவர் அதில் அடங்க மாட்டார். 12,000 என்பது காகிதத்து எண்ணிக்கை.
2. நடத்தும் செலவு எம் அண்ட் ஓ பட்ஜெட்டில் எந்த வரியில் இருக்கிறது, எவ்வளவு?
3. மண் ஆய்வு அறிக்கை வந்துவிட்டதா? வடிவமைப்பைக் கட்டுமான நிறுவனத்தோடு தொடர்பில்லாத பொறியாளர் சரிபார்த்தாரா?
4. இப்போதுள்ள ஸ்டேடியத்தைப் புதுப்பிக்க எவ்வளவு ஆகும்?
5. செயற்கைப் புல் எத்தனை ஆண்டுக் கடனில் வாங்கப்படுகிறது? 25 ஆண்டுக் கடனில் வாங்கினால், முதல் கம்பளத்தைக் கழித்துக்கட்டி இரண்டாவதும் தேய்ந்த பிறகும் முதலாவதற்கே தவணை கட்டிக்கொண்டிருப்பார்கள்.